தகர பாஸ் கூலி வாங்கினார்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு,

இலங்கை மலையகத்தில் நம்ம தோட்டத்துத் தகர வேலைக்காரர், தகர பாஸ் மாமாவின் (நம்ம ஊரில் கைவேலை தெரிந்தவர் பாஸ்) அடக்கம் முடிந்ததிலிருந்து குழுவுக்கு வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். டோஹா தம்பி எழுதியது, லண்டன் அக்கா எழுதியது, கூடலூர்ப் பெரியவர் பேரனை உட்காரவைத்துச் சொல்லச் சொல்ல எழுதவைத்தது, கிளிநொச்சிச் சொந்தங்கள் குரல் பதிவாக அனுப்பியது, எல்லாமே. மனதுக்கு இதமாக இருந்தது. ஆனால் ஒன்று. மடலுக்கு மடல் மனிதர் மேலே மேலே போய்க்கொண்டிருக்கிறார். தலையைச் சுற்றி ஒளிவட்டம் போடாத குறைதான். "அந்தோனியார் கோயில் கூரையைச் சல்லிக்காசு வாங்காமல் போட்டுக் கொடுத்த புண்ணியவான்" என்று ஒருவர் எழுத, அதையே கோயில் வாசலில் கல்வெட்டாகப் பதிக்கலாம் என்று அடுத்தவர் எழுத, அதற்கு எவ்வளவு ஆகும் என்று விசாரிக்கவும் ஆள் போட்டாயிற்று.

கல்வெட்டு வரைக்கும் போன பிறகு பேசாமல் இருக்கக்கூடாது. அவர் காசு வாங்கினார். ஒரு சதம் குறையாமல் வாங்கினார்.

அப்போது கோயில் கமிட்டிக்குக் கணக்கு எழுதியவர் எங்கள் அப்பா. அந்த நீல மட்டைக் கொப்பி இன்னும் அண்ணன் வீட்டில் இருக்கிறது. தகரம், ஆணி, வாசர், லொறிக் கூலி என்று வரிசையாக எழுதி, கடைசியில் "பாஸ் கூலி" என்று போட்டு, எதிரே அவருடைய கையெழுத்து. கொட்டை எழுத்தில், தமிழில், பெயருக்கு முன்னால் ஒரு சின்னச் சிலுவை.

அப்பா சொல்லுவார்: வேலை பேசும்போது பங்கு சுவாமி கொஞ்சம் தயங்கித்தான் கேட்டாராம், கோயில் வேலைதானே, காணிக்கையாகச் செய்து கொடுத்துவிடலாமே என்று. பாஸ் மாமா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "சுவாமி, சும்மா செஞ்சு குடுத்தா நாளைக்கு ஒழுகினாலும் நீங்க வாயைத் தொறக்க மாட்டீங்க. பாவம், ஓசியில செஞ்சான்னு விட்டுருவீங்க. கூலி குடுங்க. ஒழுகினா கூப்பிட்டு நாலு பேருக்கு முன்னால கேளுங்க."

சுவாமி அதோடு விடவில்லை. கூலியில் கொஞ்சமாவது குறைக்கப் பார்த்தார். வேலையாள் தன் கூலிக்கு உரியவன் என்று லூக்கா பத்தாம் அதிகாரத்தில் இருப்பதைச் சுவாமிக்கே எடுத்துச் சொல்லிவிட்டு, பாஸ் மாமா சொன்னாராம்: "அது என் வீட்டுக் காசு சுவாமி. அஞ்சு புள்ளைங்க. அதுங்க சோத்துல இருந்து எடுத்து அந்தோனியாருக்குப் போட நான் யாரு? அவரே கையில புள்ளையோடதானே நிக்கிறாரு, அவருக்குத் தெரியும்."

அதற்கு மேல் பேச்சு ஏது. முழுக்கூலி கொடுத்தார்கள். பிறகு உண்டியலில் அவர் என்ன போட்டார், போட்டாரா என்பது அந்தக் கொப்பியில் ஏறாத கணக்கு. அதை அப்பாவும் கேட்டதில்லை.

அவர் பக்தியில் யாருக்கும் குறைந்தவர் இல்லை. வேலையும் வீடும் போக மிச்சமிருந்த நேரத்தில் செய்கிற காரியமாக அதை அவர் வைத்திருக்கவில்லை, அவ்வளவுதான். புனிதராக்குவதற்கு முன்னால் ஒரு நல்ல வேலைக்காரராக அவரை நினைவு வைத்துக்கொள்வோம் என்பது என் கட்சி.

வெளிநாட்டில் பிறந்த நம்முடைய பிள்ளைகளும் இந்தக் குழுவில் இருக்கிறார்கள். தகரம் போடுவதில் என்ன பெரிய வித்தை என்று அவர்கள் நினைக்கலாம். நம்ம பக்கம் மே மாதக் கடைசியில் தென்மேற்குக் காற்று தொடங்கினால் செப்டம்பர் வரைக்கும் லேசில் விடாது. லயக்காம்பரா, அதாவது தோட்டத்து வரிசை வீட்டில் ஒரு குடும்பத்துக்கான அறை, பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள் அடுப்பு, படுக்கை, பாட்டி, பிள்ளைகள், எல்லாம். மேலே இருப்பது தகரம் ஒன்றுதான். அதில் ஓர் இடத்தில் ஒழுகினால் அன்றைக்கு ராத்திரி வீட்டில் ஒருவருக்குப் படுக்க இடமில்லை.

நெளித்தகரத்தில் மேடும் பள்ளமும் மாறி மாறி வரும். ஆணியை மேட்டில் அடிக்க வேண்டும், ஏனென்றால் தண்ணீர் ஓடுவது பள்ளத்தில். ஆனால் பள்ளத்தில் அடிப்பதுதான் சுலபம். அங்கே தகரம் கட்டையோடு ஒட்டிக் கிடக்கும், இரண்டு அடியில் ஆணி இறங்கிவிடும். அவசரக்காரன் அங்கேதான் அடிப்பான். மேட்டில் அடிப்பதற்குக் கை பழக வேண்டும். அடி பலத்தால் மேடு நசுங்கும், குறைந்தால் வாசர் உட்காராது. அப்புறம் ஒரு தகரத்தின் மேல் இன்னொன்று ஏறுகிற இடம். ஒன்றரை நெளிவாவது ஏற வேண்டும், ஏறிய விளிம்பு காற்றுக்கு முதுகைக் காட்ட வேண்டும். அதற்காகக் காற்று வராத பக்கத்தில் முதல் தகரத்தைப் போட்டு, காற்று வரும் பக்கத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு போக வேண்டும். மாற்றிப் போட்டால் முதல் மழைக்கே தெரிந்துவிடும்.

ஒருமுறை பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலைக்குக் கூப்பிட்டார்கள். அங்கே பெருமழை நம்ம பக்கத்து மாதிரி இல்லை, வடகிழக்கால் வரும், வருசக் கடைசியில் வரும். போய் இறங்கியதும் அவர் தேடிப் போனது தோட்டத்தை நடத்துகிற துரையையோ தேயிலைத் தொழிற்சாலையைப் பார்க்கிற டீமேக்கரையோ இல்லை. பீலியில், அதாவது தண்ணீர் விழுகிற குழாயடியில், தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பொம்பளைகளிடம் போய், "அம்மா, இங்க மழை எந்தப் பக்கத்தால அடிக்கும்?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏணியை எடுத்தாராம். கூடப் போன அவர் மகன் சொன்னது இது.

தகரத்தின் கனத்தைக் கேஜ் நம்பரில் சொல்லுவார்கள். நம்பர் கூடக் கூடத் தகரம் மெலிசு. இது தெரியாமல் ஏமாந்தவர்கள் நம்ம ஊரில் நிறைய. 26 என்று சொல்லி 30ஐத் தலையில் கட்டுகிற கடை அப்போதும் உண்டு, இப்போதும் உண்டு. பாஸ் மாமா தகரத்தின் மூலையைப் பெருவிரலால் ஒரு அமுக்கு அமுக்குவார். சரி என்றால் பேசாமல் லொறியில் ஏற்றுவார். இல்லையென்றாலும் பேச மாட்டார், அப்படியே திரும்பி நடந்துவிடுவார்.

அண்ணன் சொல்கிறார், கோயில் கூரையில் மழை அடிக்கிற பக்கத்தில் சில தகரங்கள் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டனவாம். கல்வெட்டுக்குச் சேர்க்கிற காசை அதற்குப் போடலாம் என்று நினைக்கிறேன். செய்கிற ஆளுக்கு முழுக்கூலி கொடுக்க வேண்டும். தலைவர் அண்ணன் இதைக் கூட்டத்தில் எடுத்துக்கொண்டால் நல்லது.

ஞாயிற்றுக்கிழமைக் கதையைப் பாதிதான் எழுதியிருந்தார்கள். சனிக்கிழமை இருட்டியதும் அவர் சாமான்களைத் துடைத்து எண்ணெய் போட்டுச் சாக்கில் சுற்றி வைத்துவிடுவார். திங்கட்கிழமை வரை தொடமாட்டார். ஒரு ஞாயிறு, பங்களாவில் குசினிக் கூரை ஒழுகுகிறது, துரை வரச் சொல்கிறார் என்று ஆள் வந்தது. "நாளைக்கு விடிய ஆறு மணிக்கு நிப்பேன்னு சொல்லு" என்று திருப்பி அனுப்பிவிட்டார். இதுவரை எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்திய மாதமோ என்னவோ, இன்னொரு ஞாயிறு கீழே இருக்கிற பணிய லயத்தில் காற்று தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. உள்ளே பச்சைப் பிள்ளைக்காரி. பூசைக்குக் கட்டிக்கொண்டு போய் வந்த வெள்ளைச் சாரத்தோடு அப்படியே கூரையில் ஏறினார். துரை அதைப் பிடித்துக்கொண்டார். அங்கே மட்டும் ஞாயிறு இல்லையா என்று கேட்டாராம்.

"ஓய்வுநாள்ல மாடு கெணத்துல விழுந்தா தூக்கமாட்டீங்களான்னு ஆண்டவரே கேட்டிருக்காருங்க. பணிய லயத்துல மாடு கெணத்துல விழுந்துச்சு. உங்க குசினியில அது நனையத்தான் செய்யுது."

துரை சிரித்தாரா முறைத்தாரா தெரியாது. அதற்கப்புறம் கொஞ்ச காலம் தோட்டத்துக் கொந்தரப்பு (ஒப்பந்த) வேலை எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை என்பது மட்டும் தெரியும். கொந்தரப்பு ஆள் என்பதால் தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் பேர் இல்லை, ஓய்வுகாலத்துக்கான சேமலாப நிதியும் இல்லை. வயதான காலத்தில் கையில் வந்தது ஒன்றுமில்லை. புண்ணியவான் என்று எழுதுகிறபோது இதையும் எழுத வேண்டும்.

டவுனில் பெட்டிக்கடை அளவில் ஒரு பட்டறை வைத்திருந்தார். 83 ஜூலைக் கலவரத்தில் அதுவும் போயிற்று. திரும்பி வந்து முதலில் அவர் தேடியது செம்பு. ஈயம் பற்றவைக்கிற கோலுக்குச் செம்பு முனை வேண்டும். எங்கேயோ ஒரு துண்டு கிடைத்து, காய்ச்சித் தட்டி முனையாக்கி, நவச்சாரக் கட்டியில் தேய்த்துப் பளபளப்பாக்கி, லயத்து இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) உட்கார்ந்து வாளிக்கு அடி போடத் தொடங்கிவிட்டார். அதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். ஓட்டை வாளியில் கரி நெருப்பு, பக்கத்தில் கண்ணாடிப் போத்தலில் அசிட், அதில் துத்தநாகத் துண்டைப் போட்டதும் புசுபுசுவென்று பொங்கும். பொங்கி அடங்கினால்தான் தொடுவார். "கிட்ட வராத புள்ள" என்று அதட்டிக்கொண்டே இருப்பார்.

மாரியம்மன் கோயில் மடப்பள்ளிக்கும் அவர்தான் கூரை போட்டார். அதே கூலி. செபக் கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் முணுமுணுத்தார்கள், வேதக்காரன் போய் அங்கே வேலை செய்யலாமா என்று. "அந்தோனியாருக்கு ஆணி வாங்கினது பாய் கடையில. தகரம் ஏத்திட்டு வந்த லொறி சிங்கள ஆளோடது. அப்ப அதையும் பிரிச்சிரவா?" என்று கேட்டார். திருவிழாவில் பரிவட்டம் கட்டக் கூப்பிட்டார்கள். அது எனக்கு வேணாம், தப்பா நெனைக்காதீங்க என்று சொல்லிவிட்டார்.

அப்படிப்பட்டவர், அதே மாரியம்மன் கோயிலில் நடந்த சொந்த மகளின் கல்யாணத்துக்குப் போகவில்லை.

இதை எழுதலாமா என்று இரண்டாவது மகளிடமே கேட்டேன். "எழுது அக்கா, எல்லாரும் எங்கப்பாவைக் கோயில் சுருவமாக்கிட்டாங்க, கொஞ்சம் மனுசனா இருக்கட்டும்" என்றாள். அவள் கட்டிக்கொண்டது சைவக்காரப் பையனை, நல்ல பையன். அது பாஸ் மாமாவுக்கும் தெரியும். ஆனாலும் போகவில்லை, பேசவில்லை, இரண்டு வருசம். அத்தைதான் ஒளித்து மறைத்துப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். இந்த விசயத்தில் அவர் செய்தது எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை. கூரை வேலையில் இருந்த தாராளம் வீட்டுக்குள் வரவில்லை. பிறகு ஒரு மழை நாளில் சொல்லாமல் கொள்ளாமல் அவள் வீட்டுக்கு வந்து நின்றாராம். மன்னிப்பு, கண்ணீர், ஒன்றும் இல்லை. தேத்தண்ணி குடித்தார், பேரப்பிள்ளையைத் தூக்கினார், அண்ணாந்து பார்த்தார். "மூணு ஆணி பள்ளத்துல அடிச்சிருக்கான்" என்றார். மறுநாள் சாமானோடு வந்தார். அந்த வேலைக்குக் கூலி கேட்டாரா என்று நான் கேட்டேன். மருமகன் கொடுத்தாராம், வாங்கிக்கொண்டாராம்.

அத்தையைப் பற்றி யாரும் எழுதவில்லையே, ஏன்?

எங்கள் அம்மாவும் அத்தையும் ஒரே கங்காணியின் கீழ் கொழுந்தெடுத்தவர்கள். விடிய நாலு மணிக்குப் பீலியில் பொம்பளைகள் வரிசை நிற்கும். அந்த வரிசையில் ஒரே ஒரு ஆம்பிளை, பாஸ் மாமா. குடத்தில் தண்ணீர் பிடித்துத் தோளில் வைத்துக்கொண்டு ஏறுவார். "பொண்டாட்டிக்குத் தண்ணி தூக்குறவன்" என்று அவரைக் கேலி செய்யாத ஆம்பிளை மூன்று லயத்திலும் இல்லை. அவர் அதைக் கண்டுகொண்டதே இல்லை. நாள் முழுக்க மலையில் ஏறி இறங்கப் போகிறவள் அவள், நான் உட்கார்ந்து தட்டுகிறவன் என்பது அவர் கணக்கு. அவர் எந்தச் சங்கத்திலும் இல்லை, அத்தைதான் சந்தா கட்டியவர். மே முதலாம் தேதி காலையில் பூசைக்குப் போவார், அன்றைக்குத் தொழிலாளர் சூசையப்பர் திருநாள். பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1955இல் ஏற்படுத்தியது என்று வருசமெல்லாம் சரியாகச் சொல்லுவார். பூசை முடிந்ததும் அத்தையோடு ஊர்வல லொறியில் ஏறிவிடுவார். 1984இல் ஆம்பிளைக்கும் பொம்பளைக்கும் ஒரே சம்பளம் என்று வந்தபோது லயத்தில் ஆம்பிளைகள் சிலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். பாஸ் மாமா டவுனிலிருந்து கேக் வாங்கி வந்து எல்லாக் காம்பராவுக்கும் கொடுத்தார். கடன் சொல்லி வாங்கிய கேக் என்று பின்னால் தெரிந்தது.

சாயந்தரம் ஏழு மணிக்கு அந்த வீட்டில் செபமாலை. யார் வந்தாலும் அது முடியும் வரை உட்கார வேண்டும். கடன் கேட்டு வந்தவரும் உட்கார வேண்டும், கடனைத் திருப்பிக் கேட்டு வந்தவரும் உட்கார வேண்டும். அவருக்குக் கடைசி வரை பழைய மந்திரம்தான், "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே." பிள்ளைகள் "அருள் நிறைந்த மரியே" என்று ஒரு பக்கம் போக, அவர் தனியாக ஒரு பக்கம் போவார். இரண்டும் "கர்த்தர் உம்முடனே"யில் வந்து சேரும். எங்கள் லயத்து மாரியம்மன் பக்தப் பிள்ளைகளுக்கும் இரண்டும் மனப்பாடம்.

செபம் முடிந்தால் படிப்பு. லயத்துக்குக் கரண்ட் வராத காலம். பால்மா டின்னை வெட்டி, உள்பக்கத்துப் பளபளப்பு முன்னால் வரும்படி வளைத்து, விளக்குக்குப் பின்னால் நிறுத்திவிடுவார். சுவருக்குப் போகிற வெளிச்சமும் புத்தகத்தில் விழும். விளிம்பில் ஒரு கம்பியை வைத்துத் தகரத்தை அதன் மேல் சுருட்டியிருப்பார், கை கிழியாமல். மூத்தவள் அந்த விளக்கில்தான் ஓ.எல். பரீட்சைக்குப் படித்து டீச்சரானாள். எங்கள் வீட்டுக்கும் அதே மாதிரி ஒன்று வாங்கினோம். வாங்கினோம் என்றுதான் எழுதுகிறேன், கவனியுங்கள்.

அத்தை பாரிசவாதத்தில் விழுந்து படுத்த பிறகு அவர்தான் எல்லாம். ரொட்டி தட்டப் பழகினார். சம்பல் அரைக்கப் பழகினார், உப்பு மட்டும் கடைசி வரை கைக்கு வரவில்லை. நான் ஊருக்குப் போயிருந்தபோது கதவுக்குப் பின்னால் ஒரு தகரச் சாமான் சாய்த்து வைத்திருந்தது. தாம்பாளம் மாதிரி, ஆனால் ஒரு பக்கம் கழுத்து வைக்கக் குடைந்து, எதிர்ப்பக்கம் ஒரு குட்டிப் பீலி. என்ன மாமா இது என்றேன். "உங்க அத்தைக்குத் தலை கழுவ. எந்திரிச்சு உக்கார முடியல இல்ல" என்றார். கட்டிலில் படுத்தபடியே தலையை அதில் வைத்தால், ஊற்றுகிற தண்ணீர் பீலி வழியாகக் கீழே வாளியில் விழும். கழுத்துப் படுகிற விளிம்பில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் செருகியிருந்தார். நான் இங்கே கனடாவில், ஸ்காபரோவில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். இதே சாமானைப் பிளாஸ்டிக்கில் வாங்கி வைத்திருக்கிறோம். சத்தியமாகச் சொல்கிறேன், எங்களுடையதில் தண்ணீர் பின்னால் கசிந்து தலையணை நனையும், அவருடையதில் கசியாது.

அவருக்குப் பிடித்த புனிதர்கள் மூன்று பேர். அந்தோனியார், சூசையப்பர், அப்புறம் யோசேவாஸ் அடிகளார். கோவாவிலிருந்து வந்து கண்டி ராச்சியத்தில் உழைத்து, 1711இல் கண்டியிலேயே இறந்தவர். பெரிய வறட்சியில் அவர் மழைக்காகச் செபித்தபோது மழை கொட்டித் தீர்த்தது, அவரும் அவர் கட்டிய பீடமும் மட்டும் நனையவில்லை என்று பரம்பரையாகச் சொல்லுவார்கள். பாஸ் மாமா அதைச் சொல்லிவிட்டு, "அப்படியாப்பட்ட ஆளு எல்லாத் தோட்டத்துலயும் ஒருத்தரு இருந்தா என் பொழைப்பு என்ன ஆகுறது?" என்பார். 1995இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் வந்து, புனிதர் பட்டத்துக்கு முந்திய படியான முத்திப்பேறு கொடுத்தபோதும் கொழும்பு காலிமுகத் திடலுக்குப் போனார், 2015 ஜனவரி 14ஆம் தேதி பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக உயர்த்தியபோதும் போனார். இரண்டாவது தடவை ராத்திரி பஸ், வயது எழுபதுக்கு மேலே. பிள்ளைகள் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை.

2019 உயிர்த்த ஞாயிறைப் பற்றி அதிகம் எழுத மனம் வரவில்லை. ஜூன் மாதத்தில் கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் திருநாளுக்குப் போய் வருகிற குடும்பம் அது. அந்தக் கோயிலிலும் குண்டு வெடித்த பிறகு ஞாயிற்றுப் பூசையைக் கோயில்களில் நிறுத்திவிட்டு டிவியில் காட்டினார்கள். பாஸ் மாமா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, டிவிக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். பேரப்பிள்ளை கதிரையில் உட்கார்ந்தபடி பார்த்ததற்கு ஒரு அதட்டு.

கடைசியாகப் பெட்டிகள். இந்த மடலை எழுத உட்கார்ந்ததே பாதி இதற்காகத்தான்.

1964 ஒக்டோபர் 30இல் இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபோது, இந்திய வம்சாவளியான நம்மவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பத்து வருசம் கழித்துப் பாதிப் பாதியாகப் பங்கு போட்டார்கள். ஒரே வீட்டில் அண்ணனுக்கு அந்தப் பக்கம், தம்பிக்கு இந்தப் பக்கம் என்று வந்தது. எழுபதுகளில் லயத்துக்கு லயம் ஆட்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள், ஹட்டனில் கோச்சி (ரயில்) ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி. கிளம்புகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு டிரங்குப் பெட்டி வேண்டும். நம்ம டிவிசனில் அநேகமாக எல்லாப் பெட்டியும் பாஸ் மாமா செய்தது.

இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம் அது, புதுத் தகரம் கிடைக்காது. கூரைக்குத் தார் பீப்பாயைப் பிரித்துத் தட்டிப் போட்டார். பெட்டிக்கு எண்ணெய் டின், பிஸ்கட் டின். பிரித்து, தட்டி, இரண்டு விளிம்பையும் கொக்கியாக மடித்து ஒன்றுக்குள் ஒன்று மாட்டி, மேலே ஈயம் ஓட்டிவிடுவார். வெளியில் கறுப்புப் பெயின்ட். மூடியைத் திறந்தால் உள்ளே பிஸ்கட் கொம்பனியின் எழுத்துத் தலைகீழாகத் தெரியும். மூடியின் உள்மூலையில் ஆணி முனையால் புள்ளி புள்ளியாகக் குத்திய ஒரு அடையாளம். "என்ன சாமி போடணும்?" என்று கேட்டுவிட்டுத்தான் குத்துவார். வேதக்காரருக்குச் சிலுவை, சைவக்காரருக்கு வேல், முஸ்லிம் வீட்டுக்குப் பிறை.

அவருடைய சொந்த அண்ணனும் போனவர்தான். முதலில் மண்டபம் முகாம், பிறகு நீலகிரியில் அரசாங்கத் தேயிலைத் தோட்டம். அந்தப் பெட்டிக்கும் தகரக் காசும் ஈயக் காசும் எண்ணி வாங்கினாராம். கூலி மட்டும் வாங்கவில்லை. அவர் கூலி வாங்காமல் செய்ததாக எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான். வேறு ஏதாவது இருந்தால் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

அவர் மகன் அந்தப் பெட்டிகளில் ஒன்றையாவது பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார். ஊரில் ஒன்றும் மிச்சமில்லை, எல்லாம் கப்பலேறிப் போய்விட்டன. கூடலூர், கோத்தகிரி, குன்னூர், திருச்சிப் பக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து பரண் மேல், கட்டிலுக்கு அடியில் கொஞ்சம் பாருங்கள். கோழி அடைக்கிற பெட்டியாக இருந்தாலும் பரவாயில்லை. மூடியின் உள்பக்கத்தைப் படமெடுத்து இந்தக் குழுவுக்கே அனுப்புங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் அங்குலத்தில் எழுதுங்கள், சென்டிமீட்டர் வேண்டாமாம். கூடலூர்ப் பெரியவர் தன்னிடம் ஒன்று இருப்பதாக எழுதியிருந்தாரே, பேரப்பிள்ளை அதை முதலில் எடுத்து அனுப்பினால் மற்றவர்களுக்கும் அடையாளம் தெரியும்.

அன்புடன்,
மேட்டு லயத்துக் கணக்குக் கொப்பிக்காரர் மகள்
ஸ்காபரோ